அகஸ்ரினாக்கா பொறுக்கி எறிஞ்ச இரண்டு கொம்பனியள்

எனக்குக் கெதியாக் கோபம் வரும். மன்னார் ரவுணில ஆரிட்டையும் கேட்டுப் பாருங்கோ, "யுனிற் றஸ்ற் பிரதீபனோ, அவன் சரியான முன்கோபக்காரன்" எண்டுதான் சொல்லுவினம். சனத்தின்ர காசைப் பங்குச் சந்தையில போடுற திட்டங்களை, ஒரு கொழும்புக் கொம்பனிக்காக ஊர் ஊராக் கொண்டு திரிஞ்சு விக்கிறதுதான் என்ர தொழில். பதிநாலு வருசமாச் செய்யிறன். இந்தப் பதிநாலு வருசத்தில என்னை ஆகலும் கோபப்படுத்தின ஆள் ஆரெண்டு கேட்டா, வங்காலை அகஸ்ரினாக்கா. நான் ஆகலும் மதிக்கிற ஆள் ஆரெண்டு கேட்டாலும் அவதான். என்ன விசர்க்கதை எண்டு நினைக்காதேங்கோ, முழுக்கக் கேளுங்கோ.

முதல் நாள் அவ எனக்குப் போன் எடுத்தவ. "தம்பி, எங்கட பொம்பிளையள் சங்கத்தின்ர காசு கொஞ்சம் கிடக்கு. அதை வளக்க வேணும். வாங்கோ."

"கந்தோருக்கு வாங்கோக்கா, ஆறுதலா இருந்து கதைப்பம். கதிரை இருக்கு, காத்தாடி இருக்கு" எண்டன்.

"வலை கரைக்கு வரப்போகுது, நீங்கள் வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு போனை வைச்சிட்டா. எனக்கு அங்கையே சுர்ரெண்டு ஏறினது. எண்டாலும் காசுக்காரர் கூப்பிட்டாப் போகத்தானே வேணும். மோட்டச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மன்னார்ப் பாலம் தாண்டி, நல்ல சப்பாத்தோட வங்காலைக் கடற்கரை மணலுக்குள்ள இறங்கினன்.

அங்கை கரைவலை இழுத்து முடிஞ்சிருந்தது. கடலுக்குள்ள அரை வட்டமா வலையை விட்டு, கரையில ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுக்கிற பெரிய வலை அது. வாற மீன் முழுக்க வலையின்ர அடியில இருக்கிற மடிக்குள்ள வந்து சேரும். அந்த மடியை மணலில கொட்டி வைச்சிருக்க, பதிநாலு பொம்பிளையள் சுத்தவரக் குந்திக்கொண்டு மீன் பிரிச்சினம். நடுவில ஒரு சின்ன ஆள். வீட்டுச் சட்டைக்கு மேல ஆம்பிளையளின்ர நீட்டுக்கைச் சேட்டு, தலையில துவாய். அதுதான் அகஸ்ரினாக்கா. வயது அப்ப அம்பத்திமூண்டு. எனக்கு ஒரு மீன் பெட்டியைக் கவிட்டுப் போட்டு, "இருங்கோ தம்பி, கை ஓயாது, நீங்கள் சொல்லுங்கோ, காது சும்மாதானே கிடக்கு" எண்டவ.

விசயம் இதுதான். அந்தப் பதிநாலு பேரும் கருவாடு போடுற வாடி, கொட்டிலும் முத்தமுமா, இலுப்பைக்கடவைச் சிங்கராசா எண்ட மனிசன்ர காணி. கடலோட ஒட்டின அரை ஏக்கர். தேப்பன் காலத்தில இருந்து வாடகைக்குத்தான் விட்டிருந்தவை. இப்ப அவருக்கு விக்கவேண்டி வந்திட்டுது. சுற்றுலாக்காரருக்கு விடுதி கட்ட ஒருத்தன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். சிங்கராசா கெட்ட மனிசன் இல்லை, இந்தப் பொம்பிளையளின்ர முகத்துக்காகச் சொல்லியிருக்கிறார்: "முப்பது லெச்சம். மூண்டாவது வருசம் உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுப்பன். அதுக்குப் பிறகு ஒரு நாளும் பொறுக்கமாட்டன்." சங்கத்திட்ட இருந்தது பதினேழு லெச்சம். மாசா மாசம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவினம். பாங்கு வட்டியும் விழத் தொடங்கின நேரம். காசு எட்டாட்டி வாடி போகும், வாடி போனா பதிநாலு பேரும் ஆற்றையோ முத்தத்தில கூலிக்குக் கருவாடு பிரட்டவேணும்.

"அக்கா, பங்குச் சந்தை எண்டா அஞ்சு வருசமாவது பொறுக்க வேணும். மூண்டு வருசத்தில ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்" எண்டு முதலே சொன்னனான். அதில நான் நேர்மை.

"கடலும் அப்பிடித்தானே. நீங்கள் மற்றதைச் சொல்லுங்கோ."

பிறகுதான் எனக்கு வாய்க்கொழுப்பு. கடற்கரைச் சனத்துக்கு விளங்கிற மாதிரிச் சொல்லவேணும் எண்டு நினைச்சு, நானே என்ர வாயைக் குடுத்து மாட்டினன். "அக்கா, தனித்தனியாக் கொம்பனி தேடிப் பங்கு வாங்கிறது தூண்டில் போடுறது மாதிரி. நான் கொண்டு வந்திருக்கிறது இண்டெக்ஸ் பண்ட். கொழும்புச் சந்தையில இருக்கிற பெரிய கொம்பனியள் இருவதிலையும் ஒவ்வொரு துண்டு வாங்கி வைச்சிருக்கும். பெரிய கொம்பனியில கூட, சின்னதில குறைய, அவ்வளவுதான் கணக்கு. கரைவலை மாதிரி, கிடக்கிறது எல்லாத்தையும் வாரிக்கொண்டு வரும். ஒருத்தரும் இருந்து பொறுக்கத் தேவையில்லை. அதாலை செலவும் குறைவு."

அவவின்ர கை நிண்டது. கை ஓயாது எண்ட மனிசியின்ர கை. மீன் குவியலுக்குள்ள விட்டு ஒண்டைத் தூக்கினவ. வயிறு ஊதி, பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பேத்தை, நஞ்சு மீன்.

"பொறுக்கத் தேவையில்லையோ? அப்ப இதையும் கூறில போட்டு விக்கிறதோ தம்பி?"

பொம்பிளையள் எல்லாம் கொல்லெண்டு சிரிச்சுதுகள். எனக்கு முகம் எரிஞ்சுது. பேத்தையை அவ பின்பக்கமா எறிஞ்சுபோட்டு, "அந்த இருவது கொம்பனியின்ர பேரையும் அனுப்பி விடுங்கோ, பிரிச்சுப்போட்டுச் சொல்லுறம்" எண்டவ. இத்தினை வருசத்தில எத்தினை டொக்டர், எத்தினை அதிபர் எனக்குக் கையெழுத்து வைச்சிருப்பினம். உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு அவையில ஒருத்தரும் கேட்டதில்லை. கருவாட்டுக்காரி கேக்கிறா.

இந்த இடத்தில அவவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். தொண்ணூறாம் ஆண்டு சண்டையோட தாய் தேப்பனோட வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போனவ, மண்டபம் முகாமில பத்தொன்பது வருசம். போகேக்குள்ள இருவது வயது. முகாமில பக்கத்து வரிசையில ஒரு குடும்பம். எங்கட பெருநிலத்துப் பக்கம் நெல்லு விதைச்ச சனம், மீன் தெரியாது. கரையில எறிஞ்சு கிடந்த மீன் ரெண்டைச் சும்மாதானே எண்டு எடுத்துக்கொண்டு போய்க் கறி வைச்சிருக்குதுகள். பேத்தை. விடியேக்குள்ள தாயும் மூத்த பிள்ளையும் இல்லை. "எறிஞ்சவன் ஒரு கிடங்கு தோண்டித் தாட்டிருந்தா அதுகள் இருந்திருக்கும்" எண்டு அகஸ்ரினாக்கா எனக்கு ஒருக்காச் சொன்னவ. இண்டைக்கும் அவவின்ர வாடியில பொறுக்கின பேத்தை கரையில கிடவாது, முழங்கால் ஆழத்தில கிடங்கு வெட்டித் தாழ்ப்பினம். தம்புள்ளையில இருந்து வாற வியாபாரி வேற வாடியில சாக்கை அவிட்டுக் கிளறிப் பாப்பான், இவவின்ர சாக்கைக் கட்டினபடி லொறியில ஏத்துவான்.

முகாமில பீற்றரைக் கலியாணம் முடிச்சவ. பீற்றரண்ணை நல்ல கடலோடி, நல்ல குடிகாரன். சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்த பிறகும் ஏழு வருசம் குடி. ஒரு நாள் வெறியில எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வள்ளத்துக்குள்ள படுத்திட்டார், வள்ளம் தன்ரபாட்டில போய்ப் போய் இரணைதீவுப் பக்கம் ஒதுங்கினதாம். ரெண்டு நாள் அகஸ்ரினாக்கா கரையிலதான். ஆள் உயிரோட வந்து இறங்கினவுடனை ஒரு சொல் பேசேல்லையாம், வீட்டை போய்க் குளிச்சுப்போட்டு மீன் பிரிக்கப் போயிட்டாவாம். அந்தப் பேசாததுக்குப் பயந்துதான் பீற்றரண்ணை குடியை விட்டவர். அவரே சொல்லுவார், "பேசியிருந்தா நான் திரும்பப் பேசிப்போட்டுக் குடிச்சிருப்பன்" எண்டு.

மூண்டாம் நாள் திரும்பப் போனன். வாடிக்குள்ள சாக்கில வட்டமா இருக்கினம். டிலானி எண்ட பிள்ளை, ஏ.எல். வரை படிச்சவள், சங்கத்தின்ர செயலாளர், போனில இருந்து ஒவ்வொரு பேரா வாசிக்கிறாள். அகஸ்ரினாக்கா ஒவ்வொண்டுக்கும் ஒரே கேள்வி: "இவன் என்ன செய்யிறவன்?"

பாங்கு. போன் கொம்பனி. கப்பல் சாமான் ஏத்திறவன். ஆசுபத்திரி. தரைக்கு மாபிள் செய்யிறவன். "சரி, கூறுக்குள்ள போடு." ஒரு பாங்கின்ர பேர் வரேக்குள்ள மூலையில இருந்து ஒருத்தி, "என்ர தோட்டை ஏலத்தில வித்தவன் அவன்தான், எறியுங்கோக்கா அவனை!" எண்டு கத்தினாள். எல்லாரும் சிரிச்சினம். "அடகை மீக்காதது எங்கட பிழையடி, அவன் இருக்கட்டும்" எண்டு அகஸ்ரினாக்கா தீர்ப்புச் சொன்னவ. பிறகு டிலானி ஒரு பேரை வாசிச்சுப்போட்டு நிப்பாட்டினாள். "இவன் சாராயம்" எண்டாள். கொஞ்சம் கீழ இன்னொண்டு, சிகரெட். இந்தமுறை ஒருத்தரும் சிரிக்கேல்லை.

"ரெண்டும் பேத்தை" எண்டவ அகஸ்ரினாக்கா.

பக்கத்தில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருந்த பீற்றரண்ணை தலையை நிமித்தினார். "ஏனப்பா, அவன் இருந்திட்டுப் போகட்டுமே. எத்தினை வருசம் நான் குடிச்சுக் குடுத்த காசு. இப்ப கொஞ்சம் திரும்பி வரட்டுமே?"

நியாயமாத்தானே கிடக்கு எண்டு எனக்குப் பட்டுது. நானும் சிரிச்சுப்போட்டன். அகஸ்ரினாக்கா சிரிக்கேல்லை. "உங்களைப் பொத்திற வேலையைப் பாக்கச் சொன்னது" எண்டவ. பீற்றரண்ணை ஊசியைக் குனிஞ்சு தேடத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில. "அக்கா, இண்டெக்ஸ் எண்டா எல்லாம் சேந்ததுதான். நீங்கள் நினைச்ச நினைச்சதைப் பொறுக்கி எறிய இது மீன் இல்லை!"

"கத்தாதேங்கோ தம்பி. பொறுக்கினது ஒண்டு உங்களிட்டை இல்லையோ?"

இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெக்கம். சாராயமும் சிகரெட்டும் இல்லாம மிச்சத்தை மட்டும் வாங்கிற இன்னொரு இண்டெக்ஸ் பண்ட் எங்கட கொம்பனியில இருக்கு. சிலாவத்துறை றிஸ்மினா ரீச்சர் ஒருக்காக் கேட்டு, நான் தேடிக் குடுத்து, பிறகு அவ, "இதுக்குள்ள வட்டிப் பாங்குகளும் கிடக்கு, எனக்குச் சரிவராது" எண்டு திருப்பித் தந்தவ. அதாலை எனக்கு அது நல்லாத் தெரியும். நான் ஏன் வாய் திறக்கேல்லை எண்டா, அதில எனக்குக் கொமிசன் அரைவாசி. இதை இப்ப எழுதேக்குள்ளையும் கை கூசுது.

கடைசியாச் சொன்னன். நிர்வாகச் செலவு கொஞ்சம் கூட. அந்த ரெண்டு கொம்பனியும் சந்தையில பெரிய ஆக்கள், அவை ஏறினா உங்களுக்கு ஒரு சதம் வராது. அதாலை வாடி கை தவறினா என்னைக் கேக்கக்கூடாது. எல்லாம் சொன்னன், கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னன். மற்றப் பதின்மூண்டு பேரும் அகஸ்ரினாக்காவைப் பாத்தினம். அவ படிவத்தை வாங்கி, கையைச் சேட்டில துடைச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சவ. அந்தப் படிவத்தில இண்டைக்கும் மீன் செதில் ஒண்டு ஒட்டிக்கொண்டு கிடக்கு.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. சந்தை ஏறினது, அதில பிழையில்லை. எங்கட மற்ற பண்டில அந்தச் சாராயக் கொம்பனியும் சிகரெட் கொம்பனியும் ஏறின ஏத்தம் இருக்கே, ஐயோ, சொல்லி வேலையில்லை. மாசா மாசம் நான் அனுப்பிற கணக்குக் கடுதாசியை டிலானி போனில வைச்சு, பக்கத்தில மற்றப் பண்டையும் போட்டுப் பாத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மூண்டாவது வருசம் தை மாசக் கடைசி. உயிர்த்த ஞாயிறுக்கு ரெண்டு மாசம். காசு ரெண்டு லெச்சத்துப் பன்னிரண்டாயிரம் குறையுது. மற்றதில போட்டிருந்தா முப்பது லெச்சம் தாண்டி மிச்சமும் இருந்திருக்கும்.

சிங்கராசாவிட்டை நானும் அகஸ்ரினாக்காவும் போனம். மனிசன் தேத்தண்ணி தந்தார். "பிள்ளை, மூண்டு வருசம் பொறுத்தனான். மகளின்ர வீட்டு வேலை பாதியில நிக்குது. விடுதிக்காரன் நாப்பத்தைஞ்சு தாறன் எண்டு நிக்கிறான். நான் முப்பதுக்கே தாறன், ஆனா நாள் தள்ளேலாது" எண்டார். அந்த மனிசனில எப்பிடிக் கோபப்படுறது? திரும்பி வரேக்குள்ள மோட்டச் சைக்கிளில பின்னுக்கிருந்த அகஸ்ரினாக்கா இலுப்பைக்கடவையில இருந்து வங்காலை மட்டும் வாய் திறக்கேல்லை. நான் பயந்து போனன்.

அடுத்த நாள் வாடியில கூட்டம். டிலானி எழும்பினாள். அவளைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அவளின்ர மனிசன் றோய் குடிகாரன். அவன் முதல் குடிச்சது அவளின்ர சங்கிலி, பிறகு வள்ளத்து எஞ்சின். போன மாரிக்குக் குசினிக் கூரையின்ர தகரத்தையும் கழட்டிக் கொண்டு போய்க் குடிச்சவன். ரெண்டு பிள்ளையள். அவளுக்கு அந்த வாடியை விட்டா வேற ஒண்டும் இல்லை. அதாலை அவளின்ர வாயில இருந்து வந்தது முழுக்க நெருப்பு.

"அக்கா, உங்கட ஒரு ஆளின்ர பிடிவாதத்தாலைதான் எங்கட வயித்தில மண் விழப்போகுது! நாங்கள் வாங்காட்டி அவன் சாராயம் காய்ச்சாம விட்டவனோ? ஒரு போத்தல் குறைஞ்சுதோ? ஆற்றையோ கைக்குப் போன லாபம் எங்கட கைக்கு வந்திருந்தா உங்களுக்கு என்ன முட்டுது?"

நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். பொய் சொல்லக்கூடாது. இப்பவாவது மனிசி, "பிழை விட்டிட்டன்" எண்டு சொல்லட்டும் எண்டு ஒரு கள்ள ஆசையும் இருந்தது.

அகஸ்ரினாக்கா எழும்பேல்லை, இருந்தபடியே சொன்னவ. "ஒரு போத்தலும் குறையேல்லை. அது எனக்கும் தெரியும் டிலானி. நான் அவனை நிப்பாட்ட நினைக்கேல்லை, எனக்கு அந்தப் பெலன் இல்லை. ஆனா நான் ஒவ்வொரு மாசமும் தம்பியின்ர கடுதாசி வர முதல் எங்கட கோயில் அன்னம்மாவுக்கு முன்னால செபமாலை சொல்லுறனான். அன்னம்மா, இந்த மாசம் ஏறியிருக்க வேணும், எங்கட வாடி எங்களுக்குக் கிடைக்க வேணும் எண்டு. அந்தச் சாராயக்காரனும் எங்கட கூறுக்குள்ள இருந்தா நான் அன்னம்மாட்டை என்னத்தையடி கேக்கிறன்? இந்த மாசம் இன்னும் நாலு பேர் கூடக் குடிக்கவேணும் எண்டு கேக்கிறன். ரெண்டு நாள் நான் கரையில நிண்டனான், என்ர மனிசன்ர பிணம் வரும் எண்டு பாத்துக்கொண்டு. இன்னொருத்தியை அப்பிடிக் கரையில நிப்பாட்டித் தா எண்டு நான் எந்த வாயாலை கேக்கிறது? என்னாலை ஏலாது. அதுக்காக உங்களையெல்லாம் முடக்கிப்போட்டன் எண்டா, அந்தப் பழி என்ரதான். என்ர பங்கை நீங்கள் பிரிச்செடுங்கோ, நான் கூலிக்கு வாறன்."

பீற்றரண்ணை வாசலில நிண்டவர், மற்றப் பக்கம் திரும்பிட்டார்.

டிலானி நிண்டபடியே நிக்கிறாள். கையில போன். முகம் சுருங்கிச் சுருங்கி வருது. "நாலு பேர் எண்டு ஏனக்கா சும்மா சொல்லுறியள்" எண்டாள். "ஒராள் எங்கட வீட்டிலதானே இருக்கிறார். போன மாரிக்குத் தகரம் போகேக்குள்ள அந்தக் கொம்பனி ஏறியிருக்கும், நான் போனில பாத்துப்போட்டுச் சந்தோசப்பட்டிருப்பன்." பிறகு சாக்கில தொப்பெண்டு இருந்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். "எனக்கு அந்த லாபம் வேண்டாமக்கா. வேண்டவே வேண்டாம். ஆனா வாடி வேணும். எப்பிடியாவது வாடி வேணும்."

பின்னேரத்தில ரெண்டு பியர் எடுக்கிற ஆள் நான். என்ர சொந்தக் காசு முழுக்க அந்தச் சாராயமும் சிகரெட்டும் இருக்கிற பண்டிலதான் கிடந்தது. அது ஏறின நாளில நான் ஆருக்கு நன்றி சொல்லியிருக்கிறன் எண்டு அண்டைக்குத்தான் யோசிச்சன்.

வழியை அகஸ்ரினாக்காதான் சொன்னவ, அதுவும் அதே இடத்தில, அதே இருப்பில. கரைவலையில மீன் பிரிக்கிற பொம்பிளையளுக்குக் கூலியை விடக் கறிமீன் எண்டு ஒண்டு இருக்கு. வேலை முடிய வீட்டுக் கறிக்கு ஒரு கிலோ அளவில வலைச் சொந்தக்காரர் அள்ளிக் குடுப்பார். அதுதான் அண்டையான் சாப்பாடு, அதில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்.

"விபூதிப் புதன் வருது" எண்டவ. "வருசா வருசம் தவக்காலத்துக்கு நாங்கள் இறைச்சியை விடுறம், இறைச்சியை விடுறம் எண்டு விடுறம். இறைச்சி எங்கட வீட்டில மாசத்தில ஒருக்கா. அதில விடுறதுக்கு என்ன கிடக்கு? இந்தமுறை மீனை விடுவம். நாப்பது நாள். பதிநாலு வீட்டுக் கறிமீனையும் ஒண்டாச் சேத்து விப்பம்."

கடற்கரையில இருந்துகொண்டு நாப்பது நாள் மீன் இல்லாமச் சோறு! அதுவும் வங்காலையில! நான் பகிடியாக்கும் எண்டு நினைச்சன். பதிநாலு பேரும் கையைத் தூக்கினம்.

அந்த நாப்பது நாளும் ஊர் பட்ட பாடு இருக்கே. காலமை பருப்பு, மத்தியானம் பருப்பு, பின்னேரம் முருங்கையிலைச் சொதி. ஆம்பிளையள் கடையில வந்து நிண்டு, "மீன் பிடிக்கிறவன்ர வீட்டில பருப்போ, என்ன அநியாயமடா இது" எண்டு புலம்பிச்சினம். ஒருத்தன் ரின் மீன் வாங்கி ஒளிச்சு வைச்சுச் சாப்பிட்டு மனிசியிட்டைப் பிடிபட்டான். அதுக்கும் அவளிட்டை அந்த நாள் முழுக்கப் பேச்சு வாங்கினான். நான் ஒரு நாள் போனன், அகஸ்ரினாக்கா சாப்பிட்டுப்போட்டுப் போகச் சொன்னவ. பருப்பும் கத்தரிக்காயும். பீற்றரண்ணை கோப்பையைப் பாத்துக்கொண்டு, "தம்பி, குடியை விட்டது லேசு, இதுதான் கஸ்ரம்" எண்டு மெதுவாச் சொன்னார். குசினிக்குள்ள இருந்து, "கேட்டது" எண்டு ஒரு குரல் வந்தது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டம்.

காத்தடிச்சு ரெண்டு மூண்டு நாள் வலை போகேல்லை. பிறகு ஒரு நாள் சூடை மீன் குவிஞ்சு வந்தது. வலைச் சொந்தக்காரர் மனம் இளகி அண்டைக்குக் கறிமீனை ரெண்டு மடங்கு அள்ளிக் குடுத்தார், அகஸ்ரினாக்கா எண்ணிப்போட்டுப் பாதியைத் திருப்பிக் குடுக்க, அவர் ஏசிப்போட்டுத் திரும்பக் குடுத்தார். பெரிய வியாழன் அண்டு டிலானி எனக்குப் போன் எடுத்தாள். ரெண்டு லெச்சத்துப் பதினாலாயிரம். மேலதிகமா வந்த ரெண்டாயிரத்துக்குப் பூசைக்கு மெழுகுதிரி வாங்கினவை.

காசு சிங்கராசாவின்ர கைக்குப் பெரிய சனிக்கிழமையே போச்சு. அடுத்த கிழமை மன்னாரில நொத்தாரிசு வீட்டில காணி உறுதி எழுதினது. அவரிட்டை அகஸ்ரினாக்கா ஒரு வசனம் சேக்கச் சொன்னவ: பதிநாலு பேரின்ர கையெழுத்தும் இல்லாம இந்தக் காணியை விக்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. நொத்தாரிசு, "இவ்வளவு இறுக்கம் தேவையோ அம்மா?" எண்டு கேட்டார். "தேவை" எண்டவ, வேற விளக்கம் சொல்லேல்லை. பதிநாலு பேரும் வரிசையா வந்து வைச்சினம். சிங்கராசா கடைசியா வைச்சுப்போட்டு, ரெண்டு கையாலையும் உறுதியை எடுத்து அகஸ்ரினாக்காவிட்டை நீட்டினார். அவ அதை வாங்கிப் பாக்காமலே டிலானியிட்டைக் குடுத்தவ. "செயலாளர்தானே, நீ வைச்சிரு."

நான் அவவைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போட விட்ட மனிசி. எனக்குப் படிப்பிச்ச ஒருத்தரும் சொல்லித் தராததை, ஒரு பேத்தையைத் தூக்கிக் காட்டிச் சொன்னவ. என்ர காசையும் அந்த மாசமே மாத்திப்போட்டன். கொமிசன் அரைவாசிதான், பரவாயில்லை. இப்ப ஆர் வந்தாலும் ரெண்டு படிவத்தையும் மேசையில வைச்சு, உள்ளுக்கை கிடக்கிற பேருகளையும் வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கிறன்.

றோய் குடியை விட்டிட்டான் எண்டு எழுதினா நல்லா இருக்கும். ஆனா அவன் விடேல்லை. அண்டைக்கும் நொத்தாரிசு வீட்டு வாசலில, வெயிலுக்குள்ள, கண் சிவந்து, கால் நிலை கொள்ளாம நிண்டவன். டிலானி வெளிய வரேக்குள்ள, "என்னடி அது, கொண்டா பாப்பம்" எண்டு கை நீட்டினான். நான் குறுக்க போக வெளிக்கிட, அவள் என்னைத் தடுத்துப்போட்டுத் தானே உறுதியை விரிச்சு அவனுக்குக் காட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி அந்தப் பதிநாலு பேரையும் வாசிச்சான். கீழ இருந்த அந்த வசனத்தையும் வாசிச்சான். பிறகு மடிச்சுத் திருப்பிக் குடுத்தான்.

டிலானி அதை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு என்னைத் திரும்பிப் பாத்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணி.

"பிரதீபண்ணை," எண்டாள், "கலியாணம் முடிச்சதில இருந்து என்ர பேரில இருந்ததுகளில அவராலை குடிக்கேலாதது இது ஒண்டுதான்."